பெரட்டுக் களமும் கணினிக் கூடமும்

நம் நாட்டிற்குக் கணினி வந்த கதையைச் சொல்பவர்கள் 1966-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவார்கள். லெம்பாகா லெத்ரிக் நெகாரா என்று நம் பெரியவர்கள் அறிந்த தேசிய மின்சார வாரியம் (1990-இல் தெனாகா நேஷனல் ஆனதே, அதுதான்) அந்த ஆண்டில் ஒரு கணினியை நிறுவியது. அதற்குப் பிறகு கணினி என்னென்ன விந்தைகளைச் செய்கிறது என்று எழுதியவர்கள் பலர். ஆனால் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்பவர் யார்? அது மயங்கி விழுந்தால் தூக்கி நிறுத்துபவர் யார்? இந்த வேலை எப்படித் தோன்றி எப்படி வளர்ந்தது? அதை எழுதியவர் மிகக் குறைவு. ஆகவே அந்த வரலாற்றை நம் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். கணினி என்பது வெறும் இரும்பும் கம்பியும் சில்லும்தான். கணக்குப் போடுவது, கடிதம் அடிப்பது, பயணச் சீட்டு கொடுப்பது போன்ற வேலைகளைச் செய்பவை அதற்குள் இருக்கும் செயலிகள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதே ஆப்பரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமே இல்லை. தோட்டம் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு எந்த நிரையை யார் வெட்டுவது, யாருக்கு எத்தனை வாளி, யார் முதலில் ஸ்டோரில் பாலை நிறுப்பது என்று சொல்ல மண்டோரும் கிராணியும் இல்லையென்றால் தோட்டம் ஓடுமா? ஆளுக்கு ஆள் ஒரே மரத்தில் போய் நிற்பார்கள். கணினிக்குள் அந்த மண்டோர் வேலையைப் பார்ப்பதுதான் இயங்குதளம். விண்டோஸ், யூனிக்ஸ், லினக்ஸ் என்றெல்லாம் காதில் விழுகிறதே, அவை எல்லாம் இந்த இனம்தான்.

ஆரம்பத்தில் இது இல்லவே இல்லை. 1950-களில் அமெரிக்காவில் ஒரு வேலை முடிந்ததும் ஆள் எழுந்து போய் துளையிட்ட அட்டைகளை மாற்றி, நாடாவை மாற்றி, விசைகளைத் தட்டி, அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். அதுவரைக்கும் அத்தனை விலையுயர்ந்த இயந்திரம் சும்மா நிற்கும்! வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பொறுக்குமா முதலாளிகளுக்கு? 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் சேர்ந்து, ஐ.பி.எம். 704 கணினி ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தானே தாவும்படி ஒரு நிரலை எழுதின. நடைமுறையில் பயன்பட்ட முதல் இயங்குதளம் அதுவே என்பர். 1964-இல் ஐ.பி.எம். தன் 360 வரிசைக் கணினிகளையும் அவற்றுக்கான பெரிய இயங்குதளத்தையும் அறிவித்தது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்ச்சி ஆகியோர் யூனிக்ஸைத் தொடங்கினர்.

அந்தக் காலத்துக் கணினிக் கூடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். குளிரூட்டிய பெரிய அறை, உயர்த்திக் கட்டிய தரை, தரைக்கடியில் வடங்கள், சுவரோரம் சுழலும் நாடாக்கள். நடுவில் ஆப்பரேட்டர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ஒரு தட்டச்சு இயந்திரம். இயங்குதளம் தன் நிலைமையை அந்த இயந்திரத்தில் தானே அடித்துக் காட்டும்: இந்த வேலை தொடங்கியது, அந்த நாடாவை மாட்டு, இந்த வேலை பாதியில் நின்றுபோச்சு. ஆப்பரேட்டர் பதில் அடிப்பார். இரவும் பகலும் முறை மாற்றி ஆள் இருக்கும். ஒரு கணினி, அதன் பக்கத்திலேயே அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். அதன் சத்தம் மாறினாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் தட்டச்சுக் காகிதச் சுருளை லாக் என்றார்கள். இந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழைய கப்பல்களில் கயிறு கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசி வேகத்தை அளந்து, அதை ஏட்டில் குறித்து வைத்தார்கள். மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் லாக். ஏட்டிற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் எழுதி வைத்த லாக் புத்தகமும் அந்தக் கப்பலிலிருந்து இறங்கி வந்ததே! 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி நின்றுபோனபோது, உள்ளே சிக்கியிருந்த விட்டில்பூச்சி ஒன்றை எடுத்து லாக் புத்தகத்திலேயே ஒட்டி வைத்தார்கள். கோளாறுக்குப் 'பக்' என்ற பெயர் அதற்கு முன்பே இருந்ததுதான். இருந்தாலும் ஒட்டி வைத்த பூச்சி இன்றும் இருக்கிறது. எழுதி வைத்தவன் பிழைத்தான் என்று நம் கிராணிமார்கள் சொல்வதுபோல், இன்றைக்கும் ஒரு கணினி படுத்துவிட்டால் நிபுணர்கள் முதலில் திறப்பது லாக்கைத்தான்.

இந்த அமைதியான கூடத்தைக் கலைத்தது 1981. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. சில ஆண்டுகளில் உலகெங்கும் மேசைக்கு ஒரு கணினி வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி இயங்குதளம். ஒவ்வொன்றையும் அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொண்டார்கள். எத்தனை கணினி இருக்கிறது, எதில் என்ன ஓடுகிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது. புதிய செயலி போட வேண்டுமென்றால் வட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போக வேண்டியதுதான். அந்த வட்டுகளோடு வேறொன்றும் போனது. 1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் நச்சுநிரல் வட்டுக்கு வட்டு தாவி உலகம் சுற்றியது. ஒரு கணினியைக் கவனித்த மனிதருக்கு இப்போது ஐந்நூறு கணினி. பக்கத்தில் உட்கார முடியுமா?

இங்கேதான் பெரட்டு வருகிறது.

விடியற்காலை இருட்டில், மணி அடித்ததும் பெரட்டுக் களத்தில் போய் நின்ற தாத்தா பாட்டிகள் நம்மில் பலருக்கு உண்டு. பேர் கூப்பிடுவார்கள். "இருக்கேன்" என்று குரல் கொடுத்தால் செக்ரோலில் பதிவு. குரல் வரவில்லையென்றால் மண்டோர் லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்: காய்ச்சலா, ஊருக்குப் போயாச்சா, என்ன விஷயம்? கணினி வலையமைப்புகள் வந்தபோது நிபுணர்கள் கண்டுபிடித்ததும் இதே முறைதான். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 'பிங்' என்ற சின்ன நிரலை எழுதினார். அது தொலைவில் இருக்கும் கணினியைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வர எத்தனை நேரம் ஆனது என்றும் சொல்லும். அவ்வளவுதான். இன்றும் உலகில் கணினி வேலை பார்க்கும் எவரும் நாளுக்கு ஒருமுறையாவது இதைத் தட்டாமல் இருக்க மாட்டார்.

"இருக்கேன்" என்றால் மட்டும் போதுமா? வந்து நிற்பவனுக்குக் காய்ச்சல் இருக்கலாமே. 1988-இல் வலையமைப்புக் கருவிகளை விசாரிப்பதற்கென்று எஸ்.என்.எம்.பி. என்ற பொது மொழி வகுக்கப்பட்டது. வட்டில் இடம் எவ்வளவு மீதி, நினைவகம் எவ்வளவு, சில்லு எவ்வளவு உழைக்கிறது, எந்தச் சேவை நின்றுவிட்டது, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்க வழி பிறந்தது. கடிகாரத்தை ஏன் கேட்க வேண்டும் என்று நினைக்கலாம். பத்துக் கணினிகளின் லாக்குகளில் பத்து நேரம் இருந்தால், எது முதலில் நடந்தது, எது அதன் விளைவு என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதைப்போலவே வட்டு நிறைவதும் சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் எழுத இடமில்லாத கணினி கணக்கையும் எழுதாது, லாக்கையும் எழுதாது; ஒருநாள் பட்டப்பகலில் நின்றுவிடும். தொண்ணூறு சதவீதம் நிறையும்போதே மணி அடித்துவிட்டால், இரவு வேலைக்காரர் பழைய கோப்புகளை அகற்றிவிடுவார். காலையில் வருபவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வேலையின் தன்மை அப்படி. நன்றாக நடந்தால் யாருக்கும் தெரியாது, நன்றியும் கிடையாது.

நம் நாட்டில் 1985-இல் மீமோஸ் நிறுவப்பட்டது. பிற்பாடு ஜாரிங் வழியாக இணையத்தை நமக்குக் கொண்டுவந்தது அந்த நிறுவனமே. மீமோஸ் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையமாகிய புக்கிட் ஜாலில் பக்கத்தில், டெக்னாலஜி பார்க்கில். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த பகுதி அது. அந்தத் தோட்டத்தின் பெயரைச் சுமந்த தமிழ்ப்பள்ளி இன்னும் அங்கே நடக்கிறது. புத்ராஜெயாவும் அப்படித்தான், பிராங் பெசார் தோட்டம் இருந்த இடம். அதையொட்டி 1997-இல் திறக்கப்பட்ட சைபர்ஜெயாவில் இன்று வரிசை வரிசையாகக் கணினிக் கிடங்குகள். டி.எச்.எல். போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் ஐரோப்பாவில் பிராக் நகரிலும் இங்கே சைபர்ஜெயாவிலும் கணினி நிலையங்களை வைத்து, உலகமெங்கும் உள்ள தங்கள் கணினிகளைக் கவனித்துக்கொள்கின்றன. பால்மரம் நின்ற மண்ணில் இன்று கணினிகளுக்குப் பெரட்டு எடுக்கிறார்கள். அந்த வேலையில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

கண்காணிப்பு என்ற சொல்லைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கங்காணி என்ற சொல் 'கண்காணி' என்பதன் திரிபு. கங்காணி முறையில் ஆள் பிடிப்பது 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தாலும், அந்தக் கண்ணின் சூடு நம் சமூகத்தின் நினைவிலிருந்து எளிதில் போகவில்லை. கணினியைக் கண்காணிக்கும் அதே கருவியால், கணினி முன் உட்கார்ந்திருக்கும் மனிதரையும் கண்காணிக்கலாம்: எத்தனை தடவை விசையைத் தட்டினார், எத்தனை நிமிடம் எழுந்து போனார் என்று. இயந்திரத்துக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது வேறு, மனிதனை எண்ணுவது வேறு. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் அதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி வரலாற்றின் கசப்பான பக்கத்துக்கு வருவோம். இயங்குதளத்தை எழுதுபவர்களும் மனிதர்கள்தாமே. அதில் ஓட்டை இருக்கும். ஓட்டை தெரிந்ததும் அடைக்க ஒட்டு அனுப்புவார்கள். அந்த ஒட்டை எல்லாக் கணினிகளிலும் போட்டாகிவிட்டதா என்று பார்ப்பதே நிர்வாகிகளின் முதல் கடமை. 2003 ஜனவரி 25-ஆம் நாள் 'ஸ்லாம்மர்' என்னும் புழுநிரல் கிளம்பிப் பத்தே நிமிடங்களில் பாதுகாப்பற்ற கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பிடித்தது. அதற்கான ஒட்டை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே கொடுத்திருந்தது! ஆறு மாதமாகப் போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த 2003-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை ஒட்டு நாளாக வைத்தது. அமெரிக்காவில் செவ்வாய், நமக்குப் புதன்கிழமை விடியுமுன். நம்ம ஊர் நிர்வாகிகளுக்கு அந்தப் புதன்கிழமை சும்மா போகாது.

நாள் குறித்தும் நடந்தது என்ன? 2017 மே 12-ஆம் நாள் 'வான்னக்ரை' 150 நாடுகளைத் தாக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறி, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதற்கும் ஒட்டு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் நாளே வந்துவிட்டது. கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மருத்துவமனையில் ஒரு கருவியை ஓட்டும் பழைய கணினியை யாரும் கணினி என்றே எண்ணுவதில்லை. அது கருவியின் ஒரு பாகம், அவ்வளவுதான். செக்ரோலில் பேர் இல்லாத ஆள் காணாமல் போனால் யார் தேடுவார்? என் கருத்தில், இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும் முதல் கேடு, பட்டியலில் இல்லாத கணினி.

இரண்டாவது கேடு இதற்கு நேர் எதிரானது. தாமதம் ஆபத்து என்று கண்டவர்கள், ஒட்டுகளும் பாதுகாப்புச் செய்திகளும் மனிதர் கை படாமல் தாமே எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும்படி செய்தார்கள். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் பகல் 12:09. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான கோப்பு, விண்டோஸ் கணினிகளுக்குள் இறங்கியது. கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன. 1:27-க்கு நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 78 நிமிடம்! அதற்குள் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அதுவும் உலக விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதானாம். ஆனால் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் என்று முக்கியமான இடங்களில் இருந்தவை அவை. நம் நாட்டில் ஏர் ஏசியாவின் பயணிகள் பதிவும் கே.டி.எம். ரயில் டிக்கெட் முறையும் அன்று சிக்கலுக்கு உள்ளாயின.

தொலைவிலிருந்து கோப்பை அனுப்பியவர்களால் தொலைவிலிருந்தே அதைச் சரிசெய்ய முடிந்ததா? பெரும்பாலும் முடியவில்லை. எழுந்து நிற்காத கணினிக்கு எந்தக் கட்டளையும் போய்ச் சேராதே. ஆட்கள் ஒவ்வொரு கணினியாக நடந்து போனார்கள். பாதுகாப்பு நிலையில் அதைத் தொடங்கி, அந்தக் கோப்பைக் கையால் அழித்து, மறுபடி இயக்கினார்கள். வட்டைப் பூட்டி வைத்திருந்த நிறுவனங்களில் ஒவ்வொன்றுக்கும் நீண்ட திறவு எண் வேண்டியிருந்தது. அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த கணினியே விழுந்து கிடந்த இடங்களும் உண்டு. காகிதத்தில் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த நாளுக்குப் பிறகு, எதையும் முதலில் பத்துக் கணினிக்கு, பிறகு நூறுக்கு, பிறகுதான் எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை எல்லோரும் புதிதுபோலப் பேசினார்கள்.

2025 மார்ச் 23-ஆம் நாள் செப்பாங்கில் உள்ள நம் விமான நிலையத்தின் கணினி முறைகள் தாக்கப்பட்டன. ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள் என்றும், கொடுக்க மறுத்துவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இரண்டு நாள் கழித்து அறிவித்தார். அந்த நாட்களில் விமான நேரங்களை ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் பேனாவால் எழுதி வைத்திருந்த படம் நாடெங்கும் பரவியது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுவழி ஒன்று இருந்ததே, அதை எழுதத் தெரிந்த ஆளும் இருந்தாரே என்றுதான் தோன்றியது.

பெரிய நிறுவனங்களை விடுங்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர்கள் நடத்தும் அச்சகம், நகைக்கடை, லாரிக் கம்பெனி, ஏன், நம் பள்ளி அலுவலகங்கள் வரை இதே கதைதான், அளவு மட்டும் சின்னது. கணக்குப் பார்க்கும் கணினி ஒன்று, ரசீது அடிக்கும் கணினி ஒன்று, மூலையில் பழைய அச்சு இயந்திரத்தோடு பிணைத்த கணினி ஒன்று. மூன்றாவதைத் தொட யாருக்கும் தைரியம் கிடையாது. "ஓடுதில்ல, விடுங்க சார்" என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஒட்டுகளை நிறுத்தியது. விண்டோஸ் 10-ஐ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள். நிறுவனங்கள் காசு கட்டினால் இன்னும் சில காலம் உண்டு. விண்டோஸ் 11-ஐப் போடலாம் என்றால் பழைய சில்லுகள் பலவற்றை அது ஏற்பதில்லை. ஆகவே நல்ல நிலையில் ஓடும் எத்தனையோ கணினிகள், ஓடிக்கொண்டே பாதுகாப்பற்றவை ஆகிவிட்டன. காசு உள்ளவர் புதிது வாங்குவார். இல்லாதவர் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம், அது இலவசம். அல்லது அந்த மூலைக் கணினியை இணையத்திலிருந்து கழற்றி, அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதில் எதைச் செய்வதென்றாலும், கடையில் மொத்தம் எத்தனை கணினி, எதில் எந்த இயங்குதளம், கடைசியாக ஒட்டு போட்டது எப்போது, கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது என்று ஒரு நாற்பது காசு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளையே ஒரு சனிக்கிழமையில் எழுதி முடித்துவிடும்.